ஈபாநெட் 2.2: கடைசித் தெருவுக்கு ஏன் தண்ணீர் ஏறவில்லை?

மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று மனு வந்ததும் ஊராட்சியிலும் பேரூராட்சியிலும் முதலில் எழும் யோசனை இரண்டு. இன்னொரு போர் போடுவது, அல்லது பழைய குழாயைத் தோண்டிவிட்டுப் பெரிய குழாய் பதிப்பது. இரண்டுக்கும் லட்சக்கணக்கில் செலவாகும். தோண்டிப் புதைத்த பிறகும் மேட்டுத் தெரு வறண்டே கிடந்தால் கேட்க நாதி இருக்காது. மண்வெட்டி எடுப்பதற்கு முன்னால், எந்தக் குழாயில் எவ்வளவு அழுத்தம் தொலைகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்க ஈபாநெட் என்ற மென்பொருள் உதவுகிறது. அதற்கு ஒரு ரூபாய்கூட விலை இல்லை.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிடும் மென்பொருள் இது. லூயிஸ் ராஸ்மன் உருவாக்கிய முதல் பதிப்பு 1993-ல் வந்தது, இரண்டாம் பதிப்பு 2000-ல். இருபது ஆண்டு கழித்து 2020-ல் 2.2 வந்தது. இங்கே மதிப்பிடுவது இந்த 2.2-ஐத்தான். 1936-ல் ஹார்டி கிராஸ் சொன்ன முறையில் வளையம் வளையமாகக் கையால் திருத்திக்கொண்டே போன கணக்கை, டோடினியும் பிலாட்டியும் வகுத்த கிரேடியன்ட் முறையில் இது நொடியில் முடித்துவிடுகிறது. ஆயிரம் கணு (குழாய்கள் சந்திக்கும் புள்ளி), ஆயிரத்து இருநூறு குழாய் உள்ள ஊரை 24 மணி நேரத்துக்கு ஓட்டினாலும் சாதாரண லேப்டாப் திணறாது. கணக்கைப் பொறுத்தவரை இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். நாம் உள்ளே போடும் எண்களை அப்படி நம்ப முடியாது. இந்த மதிப்புரையில் பாதி அதைப் பற்றியதே.

நிறுவியதும் முதல் வேலை அலகை மாற்றுவது. அமெரிக்க மென்பொருள் ஆதலால் நிமிடத்துக்கு இத்தனை காலன் என்றுதான் திறக்கும். டிஃபால்ட்ஸ் பக்கத்தில் ஓட்ட அலகை எல்.பி.எஸ். (வினாடிக்கு லிட்டர்) ஆக்கினால் நீளம் மீட்டருக்கும் விட்டம் மில்லிமீட்டருக்கும் அழுத்தம் மீட்டருக்கும் (நீர் எவ்வளவு உயரம் ஏறும் என்ற கணக்கு) தாமாக மாறிவிடும். ஆனால் ஏற்கெனவே அடித்த எண்கள் மாறாது. பாதி ஊரை வரைந்த பிறகு அலகை மாற்றினால் 6 அங்குலக் குழாய் 6 மில்லிமீட்டராகிவிடும். அதே பக்கத்தில் குழாய் விட்டம் 12 என்று நிற்பதையும் மாற்றிவிடுங்கள். விட்டம் அடிக்க மறந்த ஒரே ஒரு குழாய் 12 மி.மீ. குழாயாக நின்று, அதற்கு அப்பால் உள்ள தெருக்களை எல்லாம் எதிர்மறை அழுத்தத்தில் தள்ளும். காரணம் தெரியாமல் ஒரு நாள் போய்விடும்.

உராய்வுச் சூத்திரம் மூன்றில் நம் பொறியாளர்கள் பழகியது ஹேசன்-வில்லியம்ஸ். அதிலேயே இருப்பது நல்லது. டார்சி-வைஸ்பாக்குக்கு மாற்றுகிறவர்கள் சொரசொரப்பு எண்களையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால், சி மதிப்பாக (ஹேசன்-வில்லியம்ஸில் குழாயின் வழவழப்பைக் காட்டும் எண்) அடித்த 140 என்ற எண்ணை மென்பொருள் 140 மி.மீ. சொரசொரப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

குழாய் விட்டத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். எச்.டி.பி.ஈ., பி.வி.சி. குழாய்களில் கடைக்காரர் சொல்லும் அளவு வெளிவிட்டம், ஈபாநெட் கேட்பது உள்விட்டம். பி.ஈ. 100 ரகத்தில் பி.என். 10 அழுத்த வகுப்புக் குழாய் 110 மி.மீ. என்றால் அதன் சுவர் 6.6 மி.மீ., உள்விட்டம் 96.8 மி.மீ. மட்டுமே. வினாடிக்கு 5 லிட்டர், சி 140, நீளம் 1 கிலோமீட்டர் என்று போட்டுப் பாருங்கள். 110 என்று அடித்தால் அழுத்த இழப்பு 2.9 மீட்டர், 96.8 என்று அடித்தால் 5.4 மீட்டர். விட்டம் குறையக் குறைய இழப்பு கிட்டத்தட்ட ஐந்தாம் அடுக்கில் ஏறுவதால் வரும் வித்தியாசம் இது. ஒரு மாடிகூட இல்லாத வீட்டுக்கு மத்திய அரசின் 1999-ம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு (சி.பி.எச்.ஈ.ஈ.ஓ.) கேட்ட குறைந்தபட்ச அழுத்தமே 7 மீட்டர் என்னும்போது, இரண்டரை மீட்டரைத் தாளில் கூடுதலாகக் காட்டும் கணினி மாதிரியை நம்பி எதுவும் கட்டக் கூடாது. அளவுப் புத்தகத்தில் அழுத்த வகுப்பையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே 110-ல் பி.என். 16 வாங்கியிருந்தால் உள்விட்டம் 90-க்கு இறங்கிவிடும்.

அடுத்தது தரைமட்டம். கணுவின் உயரத்தில் ஒரு மீட்டர் பிசகினால் அழுத்தத்தில் அதே ஒரு மீட்டர் பிசகும். செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுத்த உயரங்கள் சில மீட்டர் தள்ளி நிற்பது சகஜம். முதல் வரைவுக்கு அவை போதும், முடிவெடுக்கப் போதாது. ஆட்டோ லெவல், டி.ஜி.பி.எஸ். போன்ற நில அளவைக் கருவி வைத்து முக்கியச் சந்திப்புகள், மேட்டு முனைகள், பள்ள முனைகள் எல்லாவற்றையும் ஒரே பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் தெரிந்த நிலையான குறி) எடுக்க வேண்டும். தொட்டிக்கு ஒன்று, தெருவுக்கு இன்னொன்று என்று இரண்டு பெஞ்ச்மார்க் கலந்துவிட்டால் முழு மாதிரியும் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

மேல்நிலைத் தொட்டிக்கு எலிவேஷன் என்று கேட்குமிடத்தில் தொட்டியின் அடிமட்டத்தைக் கொடுக்க வேண்டும். நீர் மட்டங்கள் எல்லாம் அந்த அடியிலிருந்து எண்ணப்படும். தரை 102.5 மீ., தூண் உயரம் 12 மீ., நீர் ஆழம் 3 மீ. என்றால் எலிவேஷன் 114.5, அதிகபட்ச மட்டம் 3. ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு இந்த ஆழத்தில் விட்டம் 6.5 மீ. வரும். சதுரத் தொட்டியானாலும் அதே பரப்புள்ள வட்டமாக மாற்றிக்கொள்ளலாம், கணக்குக்குப் பாதகம் இல்லை.

நம் தொட்டிகளில் பலவற்றுக்கு ஏற்றுக் குழாய் மேலிருந்து கொட்டும். ஈபாநெட்டோ எல்லாக் குழாயும் அடியில் சேர்வதாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் தொட்டி காலியாக இருக்கும்போது மோட்டார் சுலபமாகத் தள்ளுவதாகவும், உண்மையில் கிடைக்காத ஓட்டம் கிடைப்பதாகவும் காட்டும். இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. குழாய் வாய் இருக்கும் மட்டத்தில் ஒரு கணு வையுங்கள். அதிலிருந்து பி.எஸ்.வி. எனப்படும் அழுத்தம் காக்கும் வால்வு ஒன்றை 0 மீட்டரில் வைத்து, தொட்டி அடிமட்டத்தில் இன்னொரு கணுவுக்கு இணையுங்கள். அங்கிருந்து ஒரு சிறு குழாய் தொட்டிக்குப் போகட்டும். அந்தச் சிறு குழாய் கட்டாயம். வால்வை நேராகத் தொட்டியில் கட்டினால் பிழை 219 வந்து நிற்கும்.

மோட்டாருக்கு ஒரே ஒரு புள்ளி கொடுத்தாலும் ஓடும். வினாடிக்கு 20 லிட்டர், தள்ளும் உயரம் 45 மீட்டர் என்று கொடுத்தால், ஓட்டமே இல்லாதபோது 60 மீட்டர், தள்ளும் உயரம் பூஜ்யமாகும்போது 40 லிட்டர் என்று மென்பொருளே ஒரு வளைவு வரைந்துகொள்ளும். சப்மெர்சிபிள் மோட்டார்களின் உண்மை வளைவு அப்படி இருப்பதில்லை. தயாரிப்பாளரின் அட்டவணையிலிருந்து மூன்று புள்ளிகளாவது எடுங்கள். மின்செலவு அறிக்கை வேண்டுமானால் திறன் 75 சதவீதம் என்று இயல்பாக நிற்பதையும் மாற்றுங்கள். பத்து வருடம் ஓடிய மோட்டாருக்கு அது பொருந்தாது.

இனி தேவை. நம் ஊர்களுக்கு ஈபாநெட்டைக் கொண்டுவரும்போது நெஞ்சு கனக்கும் இடம் இதுதான். 2,000 பேர் உள்ள ஒரு வார்டு, ஜல் ஜீவன் அளவுப்படி ஆளுக்கு 55 லிட்டர் என்றால் நாளுக்கு 1,10,000 லிட்டர். 24 மணி நேரமும் விட்டால் சராசரி வினாடிக்கு 1.27 லிட்டர். சிறிய ஊர்களுக்கான உச்சக் காரணி (உச்ச நேரத் தேவை சராசரியைப் போல் எத்தனை மடங்கு என்பது) 3 போட்டாலும் 3.8 லிட்டர்தான். அதே தண்ணீரை இரண்டு மணி நேரத்தில் விட்டுத் தீர்த்தால் வினாடிக்கு 15.3 லிட்டர், சராசரியைப் போல் 12 மடங்கு. மேலே சொன்ன 96.8 மி.மீ. குழாயில் 3.8 லிட்டருக்குக் கிலோமீட்டருக்கு 3.3 மீட்டர் இழப்பு. 15.3 லிட்டருக்குச் சுமார் 43 மீட்டர். பன்னிரண்டு மீட்டர் தூணில் நிற்கும் தொட்டி அதை எங்கிருந்து கொடுக்கும்? திட்ட அறிக்கையில் உச்சக் காரணி 3 என்று வடிவமைத்துவிட்டு, நடைமுறையில் இரண்டு மணி நேரம் விடும் ஊர்களில் கடைசித் தெரு காய்வது கணக்கின்படியே நடக்கிற விஷயம். இதை ஒரு பேட்டர்ன் (ஒவ்வொரு மணிக்கும் தேவையைப் பெருக்கும் எண்களின் வரிசை) மாற்றத்தில் கண்முன் காட்டலாம். 24 பெருக்கிகளில் இரண்டை 12 ஆக்கி மீதி 22-ஐப் பூஜ்யமாக்கி ஓட்டுங்கள். சராசரி 1 என்பது மாறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். விடும் நேரத்தை நான்காகவோ ஆறாகவோ நீட்டினால் எந்தத் தெரு பிழைக்கிறது என்பது உடனே தெரியும். குழாய் மாற்றாமலே பாதிப் பிரச்சினை தீரக்கூடிய இடம் அது.

இப்படி ஓட்டும்போது 'எதிர்மறை அழுத்தம்' என்ற எச்சரிக்கை வரும். மைனஸ் 23 மீட்டர் அழுத்தம் உலகத்தில் எங்கும் கிடையாது. தேவையை எப்படியாவது கொடுத்தே தீர வேண்டும் என்று நாம் கட்டாயப்படுத்தியதால் வந்த எண் அது. 'இந்தத் தெருவுக்கு இவ்வளவு கொடுக்க முடியாது' என்பதே அதன் பொருள். 2.2 பதிப்பின் பெரிய வரவு இங்கேதான். ஹைட்ராலிக் தெரிவுகளில் டிமாண்ட் மாடலை பி.டி.ஏ. ஆக்கினால், அழுத்தத்துக்கு ஏற்ற அளவே தண்ணீர் எடுக்கப்படும். குறைந்தபட்ச அழுத்தம் 0, தேவையான அழுத்தம் 7, அடுக்கு 0.5 என்று வைத்தால் 3.5 மீட்டர் அழுத்தத்தில் ஒரு தெருவுக்குத் தேவையில் 71 சதவீதம் கிடைக்கும். தேவையான அழுத்தம் இயல்பாக 0.1 என்று இருக்கும். அதை மாற்றாமல் பி.டி.ஏ. என்று மட்டும் போட்டால் பெயருக்குத்தான் பி.டி.ஏ.

சம்ப் வைத்து, குழாயைத் திறந்தபடியே விடும் வீடுகள் உள்ள தெருவுக்கு எமிட்டர் (அழுத்தம் ஏற ஏறக் கூடுதலாக நீர் விடும் திறந்த வாய்) இன்னும் பொருந்தும். வாளியும் கைக்கடிகாரமும் போதும். 4 மீட்டர் அழுத்தத்தில் 10 லிட்டர் வாளி 50 வினாடியில் நிறைந்தால் வினாடிக்கு 0.2 லிட்டர். அதை அழுத்தத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கெழு 0.1. அப்படி 40 வீடு ஒரு கணுவில் இருந்தால் 4. அந்தத் தெருவில் 9 மீட்டர் கிடைக்கும்போது வீடுகள் வினாடிக்கு 12 லிட்டர் இழுக்கும். பள்ளத் தெரு எல்லாவற்றையும் குடித்துவிடுவது இப்படித்தான். இதில் இரண்டு குறை உண்டு. சம்ப் நிறைந்தாலும் எமிட்டர் நிற்காது. அழுத்தம் எதிர்மறையானால் 2.2-ல் எமிட்டர் வழியாகத் தண்ணீர் குழாய்க்குள் வருவதாகவும் காட்டும். சம்ப் நிறைவது முக்கியம் என்றால் தெருவுக்கு ஒரு சிறு தொட்டி, அதற்கு ஒருவழிக் குழாய் என்று மாதிரி செய்யலாம்.

இதையும் தாண்டி ஒரு எல்லை இருக்கிறது. ஈபாநெட்டுக்குக் குழாய் எப்போதும் நிறைந்தே இருக்கும். வால்வு திறந்ததும் காலிக் குழாய் நிரம்பும் முதல் இருபது நிமிடம், காற்று அடைத்துக்கொள்ளும் மேட்டு வளைவு, வேலை செய்யாத ஏர் வால்வு, இவை எதுவும் அதற்குத் தெரியாது. தினமும் காலியாகி நிரம்பும் நம் குழாய்களுக்கு இது சிறிய குறை இல்லை. அந்த முதல் நிமிடங்கள்தான் கேள்வி என்றால் அதே முகமையின் எஸ்.டபிள்யூ.எம்.எம். என்ற மழைநீர் வடிகால் மென்பொருள் பொருத்தம்.

இவ்வளவு சிரமப்பட்டு மாதிரி செய்வதன் உண்மையான பலன் அது தளத்தோடு ஒத்துப்போகாதபோது கிடைக்கிறது. ஐந்தாறு இடங்களில் பிரஷர் லாகர் (அழுத்தத்தைத் தொடர்ந்து பதியும் கருவி) மாட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தொட்டி வெளியேறு குழாயில் ஓட்டம் அளக்க வேண்டும். அது இல்லாமல் அழுத்தம் மட்டும் அளந்து பயன் இல்லை. அளந்த எண்களைக் கேலிபிரேஷன் கோப்பாகக் கொடுத்தால், மாதிரியோடு ஒப்பிட்டுச் சராசரிப் பிழையை அறிக்கையாகவே தரும். அதைப் படிக்க ஒரு எளிய விதி. ஓட்டம் குறைந்த நேரத்திலும் கூடிய நேரத்திலும் ஒரே அளவு வித்தியாசம் இருந்தால் தரைமட்டம் தப்பு, அல்லது கேஜ் தப்பு. ஓட்டம் ஏற ஏற வித்தியாசமும் ஏறினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது.

தடை என்றதும் சி மதிப்பைக் குறைத்துப் பொருத்திவிடும் பழக்கம் இருக்கிறதே, அது மாதிரியையே கெடுத்துவிடும். உள்விட்டம் 150 மி.மீ. உள்ள பி.வி.சி. குழாய், 600 மீட்டர், 15 லிட்டர் ஓட்டம், சி 145 என்றால் இழப்பு 2.7 மீட்டர். தளத்தில் 10 மீட்டர் இழப்பு தெரிகிறது என்று வையுங்கள். எண்ணைப் பொருத்த சி-யை 72-க்கு இறக்க வேண்டும். பி.வி.சி. குழாய் எத்தனை வருடமானாலும் 72-க்குப் போகாது. அப்படியென்றால் அந்த 600 மீட்டரில் முழுதாகத் திறக்காத வால்வு ஒன்று இருக்கிறது, அல்லது அளவுப் புத்தகத்தில் 160 என்று எழுதிவிட்டு இடையில் சின்னக் குழாய் பதித்திருக்கிறார்கள். முழுதாகத் திறந்த கேட் வால்வின் இழப்புக் கெழு 0.2. இந்த ஓட்டத்தில் ஒரு சென்டிமீட்டர்கூடத் தராது. எனவே ஏழு மீட்டரைத் தின்னும் வால்வு ஏறக்குறைய மூடிக் கிடக்கும் வால்வுதான். தார் ரோட்டுக்கு அடியில் புதைந்த வால்வு சேம்பரைத் தோண்டி எடுத்துத் திறக்க ஆகும் செலவு புதுக்குழாய்ச் செலவில் ஒரு துளி. இந்த ஒரு கண்டுபிடிப்புக்காகவே ஈபாநெட்டைக் கற்றுக்கொள்ளலாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதனால்தான், வீட்டு இணைப்புகளையும் சின்னக் கிளைகளையும் விட்டாலும் விடுங்கள், வால்வு ஒன்றைக்கூட வரைபடத்தில் விட்டுவிடாதீர்கள். எந்த வால்வு எத்தனை சுற்று திறக்கிறது என்பது தண்ணீர் திறந்துவிடுபவருக்குத்தான் தெரியும். அவரிடம் வரைபடத்தை விரித்துக் காட்டிக் கேட்பது எந்த லாகரையும்விடப் பயன் தரும்.

நீரின் தரத்துக்கும் இதே மாதிரி உதவும். தொட்டியில் போட்ட குளோரின் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சுகிறதா என்று பார்க்கலாம். அழிவு வேகத்துக்குத் தொட்டி நீரைப் பல பாட்டில்களில் அடைத்து, மணிக்கணக்கில் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அளந்தால் போதும். மென்பொருளில் அதை மைனஸ் குறியோடு அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குளோரின் வளரும். நீரின் வயதைப் பார்க்க 24 மணி நேரம் போதாது. ஒரு வாரமாவது ஓட்டி, தினமும் ஒரே மாதிரி வளைவு வரும்வரை காத்திருங்கள். எந்தத் தெருவுக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு சதவீதம் போகிறது என்றும் தடம் பிடிக்கலாம். நியூ ஜெர்சியின் டோம்ஸ் ரிவர் பகுதியில் குழந்தைகளுக்கு வந்த புற்றுநோயை ஆராய்ந்தபோது, மாசுபட்ட கிணறுகளின் நீர் எந்தத் தெருக்களுக்குப் போயிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டது ஈபாநெட்டை வைத்துத்தான். பழகிப்பார்க்க, கூடவே வரும் நெட் 3 எடுத்துக்காட்டைத் திறந்து ஏரி நீரின் பங்கு மணிக்கு மணி மாறுவதைப் பாருங்கள்.

முகப்பு மட்டும் இன்னும் பழைய காலத்திலேயே நிற்கிறது. தவறாக அழித்ததை மீட்கும் அன்டூ கிடையாது. அழித்தால் அழிந்ததுதான், அதனால் அடிக்கடி வேறு பெயரில் சேமியுங்கள். பின்னணிப் படம் வைக்கலாம், ஆனால் ஆயத்தொலைவைக் கையால் பொருத்த வேண்டும். அது பிசகினால் ஆட்டோ லெங்த் தரும் எல்லா நீளமும் பிசகும். பெரிய ஊருக்கு இதில் நேரடியாக வரைவது வீண் உழைப்பு. கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து, வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தார் தரும் கியூஜிஸ்ரெட் போன்ற இலவச இணைப்பு வழியாகக் கொண்டுவருவது மேல். பைத்தான் தெரிந்தவர்களுக்கு டபிள்யூ.என்.டி.ஆர். என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது. நூறு மாற்று நிலைமைகளை ஒரே இரவில் ஓட்டலாம்.

எந்த விட்டம் போட்டால் செலவு குறையும் என்று ஈபாநெட் சொல்லாது. நாம் போட்டதைச் சோதித்துக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. கிளைபிரியும் கிராமத் திட்டத்துக்கு ஐ.ஐ.டி. பம்பாயின் இலவச ஜல்தந்த்ராவில் விட்டங்களைத் தேர்ந்தெடுத்து, பிறகு இதில் 24 மணி நேரம் ஓட்டிச் சரிபார்ப்பது நல்ல வரிசை. வாட்டர்ஜெம்ஸ் போன்ற விலைக்கு வாங்கும் மென்பொருள்களில் ஜி.ஐ.எஸ்., தானாகப் பொருத்தும் வசதி, மாற்று நிலைமைகளை ஒப்பிடும் வசதி எல்லாம் மெருகாக இருக்கும். மாநகராட்சி அளவுக்கு அது நியாயமான செலவு. பேரூராட்சிக்கு அந்தப் பணத்தில் லாகரும் ஓட்டமானியும் வாங்குவதே புத்திசாலித்தனம்.

ஆலோசகரிடம் மாதிரி செய்யக் கொடுக்கும் உள்ளாட்சி அமைப்புகள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: அச்சடித்த அறிக்கையோடு ஐ.என்.பி. கோப்பும் (மாதிரியின் உள்ளீட்டுக் கோப்பு) லாகர் அளவுகளும் ஒப்படைக்கப்பட வேண்டும். ஐ.என்.பி. வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில்கூடத் திறக்கும், அடுத்த பொறியாளர் அதிலிருந்து தொடரலாம். கோப்பு கைக்கு வந்ததும் குழாய் விட்டங்களை மட்டும் ஓட்டிப் பாருங்கள். எச்.டி.பி.ஈ. வரிசையில் 110, 140, 160 என்று முழு எண்களாகவே நின்றால் திருப்பி அனுப்பிவிடலாம்.